கோதண்டராமன் சார் உட்கார்ந்த இடம்

செய்தி வந்தபோது நான் தேர்வு அறையில் நின்றுகொண்டிருந்தேன். மேற்பார்வைக்குப் போனவர்கள் உட்காரக் கூடாது என்பது எங்கள் திண்டிவனம் கல்லூரியில் சட்டம். அன்றைக்குச் சுற்றுச்சூழல் கல்வித் தாள். எல்லாத் துறைப் பிள்ளைகளும் எழுதியே ஆக வேண்டிய, ஒருவரும் மதிக்காத தாள். அலுவலக உதவியாளர் வாசலிலேயே நின்று, "மேடம், நம்ம கோதண்டராமன் சார் பூட்டாராம். விடியக்காலையில. மாரடைப்பாம்" என்றார். அந்த நேரம் பார்த்து ஒரு பையன் கூடுதல் தாள் கேட்டுக் கையைத் தூக்கினான். கொடுத்தேன். இன்னொருத்தி கட்டுவதற்கு நூல் கேட்டாள். கொடுத்தேன். மணி அடிக்கும் வரை அறையை விட்டு வர வழியில்லை, அழவும் வழியில்லை. சன்னலுக்கும் கரும்பலகைக்கும் நடுவில் நடந்துகொண்டே இருந்தேன். மேடம் இன்றைக்குப் பிட் பிடிக்கிற வெறியில் இருக்கிறார் என்று பிள்ளைகள் பயந்திருப்பார்கள்.

சாரைத் தெரிந்தவர்களுக்கு அந்த நடை யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வணிகவியல் பேராசிரியர். சொந்த ஊர் மயிலம் பக்கம், நிலபுலம் உள்ள குடும்பம். குடியிருந்தது விழுப்புரத்தில். நானும் விழுப்புரம்தான். வருடக்கணக்காக ஒரே ரயிலில் போய் வந்தோம். இடம் காலியாகக் கிடந்தாலும் மனிதர் உட்கார மாட்டார். வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார், அடுத்த பெட்டி வரை போவார், திரும்பி வருவார். "ஒரு நிமிஷம் உக்காருங்களேன் சார், எனக்குத் தலை சுத்துது" என்றால், "உக்காந்தா ஊர் வந்தது தெரியாது மேடம்" என்பார். ஆசிரியர் கூட்டத்தில் முதல்வர் பேசும்போதும் சுவரோரம் உலாத்துவார். காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவர் என்று நாங்கள் கேலி பேசுவோம். எனக்குப் பல நாள் எரிச்சலாகவே இருந்தது. இப்போது அதே எரிச்சல் யார்மேல் என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சும்மா இருக்கத் தெரியாதவர் என்பதால்தான் பகுதி ஐந்தை அவர் தலையில் கட்டினார்கள். கல்லூரிப் படிப்பு அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இளங்கலைப் பட்டம் ஐந்து பகுதிகள் கொண்டது. தமிழ் முதல் பகுதி, ஆங்கிலம் இரண்டாவது, சேர்ந்த துறையின் பாடம் மூன்றாவது. சுற்றுச்சூழலும் வேறு துறைத் தாளும் மாதிரியான பொதுப் பாடங்கள் நான்காவது. ஐந்தாவது, வகுப்புக்கு வெளியே ஊருக்குச் செய்கிற பணி. மூன்றாம் பகுதியில் தங்கப் பதக்கமே வாங்கினாலும் நான்கும் ஐந்தும் முடியாமல் பட்டம் கையில் வராது. கணக்கு வாத்தியாரான எனக்கு இதெல்லாம் வெட்டி வேலை என்ற எண்ணம் இருந்தது. ரயிலில் இதை வைத்தே நாங்கள் சண்டை போடுவோம். "பாடம் மறந்துடும் மேடம். கூட நின்னு வேல செஞ்சவன் மூஞ்சி மறக்காது" என்பார். "மூஞ்சிக்கு மார்க் போடுவீங்களா?" என்று கேட்பேன். சிரித்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்.

அந்தச் சண்டைக்கு நடுவில் வந்து நின்றவள் ஜெயராணி. என் துறையில் மூன்றாம் ஆண்டு. கணக்கில் கெட்டிக்காரி. மேற்படிப்புக்கு இடமும் கிடைத்துவிட்டது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலத்தில் கூலிக்குப் போனதால் முந்தைய நலப்பணி முகாம்கள் தவறிப்போயிருந்தன. கடைசி முகாமுக்கு வந்தால்தான் பகுதி ஐந்து முடியும், பட்டம் வரும், மேற்படிப்பில் சேர முடியும். அந்த வருடம் சார் முகாமுக்குப் பிடித்த ஊர் பெருமுக்கல் போகிற வழியில் இருந்தது. பெயர் வேண்டாம். ஜெயராணியின் சொந்த ஊரே அதுதான். கோயில் தெருவைப் பெருக்கிச் சுத்தம் செய்வது முகாமின் முதல் வேலை என்று திட்டம் போட்டு, பேனரும் அடித்தாயிற்று.

அவள் எங்கள் அறைக்கு வந்தபோது சாரும் அங்கே இருந்தார். "நான் வரல மேடம். பட்டம் வரலன்னா பரவால்ல" என்றாள். காரணம் கேட்டேன். என்னைப் பார்க்காமல் சாரைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கம்மா அந்தத் தெருவத்தான் சார் தெனம் பெருக்கிக்கினு இருக்குது. பஞ்சாயத்துல தூய்மைப் பணி. காலனியிலேர்ந்து விடியறதுக்குள்ள போவும். அது பெருக்கினா வேல. நான் காலேஜ் தொப்பி போட்டுக்கினு அதே தெருவப் பெருக்கினா சேவையா சார்?"

நான் வழக்கமான வழியைச் சொன்னேன். "சார், வந்ததா கையெழுத்து வாங்கி முடிச்சிடலாமே. எத்தனையோ பேருக்குச் செய்றதுதானே." சார் என்னை அப்படி முறைத்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் சொல்வதற்குள் ஜெயராணியே சொன்னாள்: "எங்க ஊர்ல நடக்கிற முகாமுக்கு நான் வராமலே வந்தேன்னு எழுதுவீங்களா மேடம்?" எனக்குச் சுரீரென்றது. சார் விறுவிறுவென்று தாழ்வாரத்துக்குப் போனார். நான் வீட்டுக்குக் கிளம்பும்போதும் அங்கேதான் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அவளைக் கூப்பிட்டார். "எனக்கு இது தோணவே இல்லம்மா. தப்பு என்னுது. தொடப்பம் வேணாம். நீ இன்னா செய்ய ஆசப்படற, சொல்லு" என்றார். அவள் யோசிக்கவே இல்லை. "கணக்கு சொல்லித் தர்றேன் சார். காலனியில இல்ல. ஊர்ப் பள்ளிக்கூடத்துல. எல்லாப் பசங்களுக்கும்."

முகாமின் முதல் மாலை. ஜெயராணிக்காக நானும் போயிருந்தேன். பள்ளிக்கூடத்து அறையில் ஜெயராணி சாக்பீசோடு நிற்கிறாள். தெருத்தெருவாகச் சொல்லியாகிவிட்டது, ஒரு பிள்ளை வரவில்லை. காலனிப் பிள்ளைகளைக்கூட, என்ன நடக்குமோ என்று வீட்டில் நிறுத்திவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர்தான் வந்தார். சண்டைக்கு வரவில்லை, தன்மையாகத்தான் பேசினார். "நல்ல பொண்ணுதான் சார், நாங்க ஒண்ணும் சொல்லல. காலனியிலயே வச்சிக்கினா அதுங்களுக்கும் ஒத்தாசையா இருக்கும். எதுக்கு பேஜாரு?" ஜெயராணி சாக்பீசைப் பலகை ஓரத்தில் வைத்தாள். போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். போயிருந்தால் பட்டமும் போயிருக்கும். அதைவிடப் பெரிதாக ஒன்று போயிருக்கும்.

சார் பெரியவரைப் பார்த்து, "இது பள்ளிக்கூடம்ங்க. படிக்க வர்றவங்க உக்காருவாங்க" என்றார். சொல்லிவிட்டு முழங்கால் சடசடக்கத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கோதண்டராமன் சார் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. திரும்பிப் பார்த்து, "மேடம், உக்காருங்க" என்றார். உட்கார்ந்தேன். எங்கள் மாணவர்களும் உட்கார்ந்தார்கள். ஜெயராணி பின்னம் ஆரம்பித்தாள். "ஒரு மூட்டை மல்லாட்டையில கால் பங்கு சொத்தை. மிச்சத்துல பாதி வெதைக்கு. எவ்ளோ விப்பீங்க?" சார் கையைத் தூக்கினார். "டீச்சர், எனக்குப் புரியல. இன்னொரு வாட்டி சொல்லுங்க." நிஜமாகவே புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். பெரியவர் வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் பிள்ளைகள் வந்தார்கள். படிக்க இல்லை, வேடிக்கை பார்க்க. காலேஜ் வாத்தியார்கள் தரையில் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. சன்னலில் தொங்கினவர்களில் சிலர் உள்ளே வந்தார்கள். காலனிப் பிள்ளைகளும் வந்தார்கள். சிலரை வீட்டில் இருந்து வந்து இழுத்துக்கொண்டு போனார்கள், அதில் சிலர் திரும்பவும் ஓடி வந்தார்கள். பெரியவர் வீட்டிலிருந்து கடைசி வரை ஒருவரும் வரவில்லை. எல்லாம் மாறிவிட்டது என்று சொன்னால் சாரே என்னை மன்னிக்க மாட்டார்.

தினமும் மாலையில் ஜெயராணியின் அம்மா வேலை முடிந்து பள்ளிக்கூட வாசல் வரை வருவார். கம்பிக் கதவைப் பிடித்தபடி மகள் பாடம் நடத்துவதைப் பார்ப்பார். சார் உட்கார்ந்த இடத்திலிருந்து சற்று நகர்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டுவார். அந்த அம்மா சிரிப்பார், தலையை ஆட்டுவார், உள்ளே வர மாட்டார். முகாம் முடிந்த அன்றும் வரவில்லை.

அறிக்கையில் தெருத் தூய்மை இருக்க வேண்டிய இடத்தில் கணக்கு வகுப்பு ஏன் வந்தது என்று மேலே விளக்கம் கேட்டார்கள். "நடந்தத எழுதினேன். நடக்காதத எழுதறது வேற டிபார்ட்மென்ட்" என்று பதில் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜெயராணிக்குப் பகுதி ஐந்து முடிந்தது, பட்டம் வந்தது, மேற்படிப்பிலும் சேர்ந்தாள். நான் பாராட்டியபோது சார் ரயில் வாசலில் நின்றபடி வேறெதையோ சொன்னார். "அந்தம்மா உள்ள வரலியே மேடம்." ஓய்வு பெற்ற பிறகு தொலைபேசியில் பேசும்போதும், பேச்சு எங்கெங்கோ சுற்றி இதில்தான் வந்து நிற்கும்.

தேர்வு மணி அடித்ததும் பஸ் பிடித்து விழுப்புரம் ஓடினேன். சார் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் படுத்திருந்தார். எனக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை. வாசலுக்கும் கூடத்துக்குமாக நடந்தேன். யார் நாற்காலி போட்டாலும் உட்காரவில்லை. மதியத்துக்கு மேல் ஜெயராணி வந்தாள். இப்போது பள்ளியில் கணக்கு ஆசிரியை. நேராக உள்ளே போய், பெண்கள் இருந்த பாயில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். உறவுக்காரப் பெண் ஒருவர், "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.

"சாருக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தவ" என்றாள் ஜெயராணி. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மேடம், உக்காருங்க" என்றாள்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து நிமிர்ந்தால் வாசலில் அவள் அம்மா, கேட் கம்பியைப் பிடித்தபடி அப்படியே நிற்கிறார். நான் சற்று நகர்ந்து, பக்கத்தில் பாயைத் தட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் விட்ட இடத்தில் உட்கார்ந்தார்.

சாரின் மனைவி பெட்டியின் மேல் கைவைத்து, "ஒரு நாள் ஒரு எடத்துல உக்காந்ததில்லையே இந்த மனுஷன்" என்று அரற்றிக்கொண்டிருந்தார்.

"நான் பாத்தப்போல்லாம் உக்காந்துக்கினுதாம்மா இருந்தாரு" என்றார் ஜெயராணியின் அம்மா. "எனக்கு எடம் வுட்டுக்கினு."

எனக்கு இன்னும் நிலைகொள்ளவில்லை. நாளைக்கும் தேர்வு அறையில் நடந்துகொண்டுதான் இருப்பேன். ஆனால் எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்தில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட வேண்டும் என்பதைச் சாரிடமிருந்து வாங்கி வைத்துக்கொண்டேன். அதைத் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை.