ஏர் ரைஃபிள் வாங்கப் போன சனிக்கிழமை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஜனவரி மாதம். குன்னூருக்குக் கீழே உள்ள ஓர் எஸ்டேட் தொழிற்சாலையில் நான் டீ மேக்கர், அதாவது தேயிலைத் தூள் தயாரிப்பைக் கவனிப்பவன். அந்தப் பருவத்தில் உறைபனி விழுந்து கொழுந்து கருகிவிடும். இலை வரத்துக் குறைவதால் கேட்டவுடன் லீவ் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஒரு சனிக்கிழமை, மனைவியையும் அழைத்துக்கொண்டு ஊட்டிக்கு ஏர் ரைஃபிள் வாங்கப் போனேன்.

என்னிடம் ஏற்கெனவே ஸ்பிரிங் வைத்த பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒவ்வொரு குண்டுக்கும் குழலை மடக்கி ஏற்ற வேண்டும். சுட்டால் தோளில் உதைக்கும். தேயிலைக் காட்டோரம் அதை வைத்துக்கொண்டு முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் அலைந்திருக்கிறேன். சட்டப்படி குற்றம் என்று தெரிந்தேதான் செய்தேன், பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் கடைசி ஒரு வருடமாக எதுவும் சரியாக அமையவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் முயல் சட்டென்று காணாமல் போய்விடும். துப்பாக்கிக்கு வயதாகிவிட்டது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

புதிதாக வருகிற பி.சி.பி. ரகத்தில், அழுத்தமான காற்றைத் துப்பாக்கியில் முன்கூட்டியே நிரப்பி வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை நிரப்பினால் முப்பது நாற்பது குண்டு போகும், உதைப்பே இருக்காது என்றார்கள். ஆறு மாதம் யூடியூப்பே கதி என்று கிடந்தேன். எந்தக் குழல், எவ்வளவு எடை, எந்த லென்ஸ் என்று ஒரு நோட்டு நிறைய எழுதி வைத்திருந்தேன். என் மனைவி எஸ்டேட் பள்ளியில் ஆசிரியை. அவள் அந்த நோட்டை ஒரு நாளும் புரட்டிப் பார்த்ததில்லை. அந்த வருடம் முழுக்கவே அவள் என்னோடு பேசுவது குறைந்திருந்தது. நானும் காரணம் கேட்கவில்லை.

கடை, மார்க்கெட்டுக்கு மேலே ஒரு பழைய உருளைக்கிழங்கு குடோனில் இருந்தது. முன்பக்கம் விற்பனை, பின்பக்கம் பத்து மீட்டர் தள்ளிக் குறி அட்டை வைத்துச் சுட்டுப் பார்க்கும் கூடம். கடையைப் பார்த்துக்கொண்டது முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். போட்டிகளில் சுட்டவராம். என் நோட்டைப் பொறுமையாகப் படித்துவிட்டு, இதை எதற்கு வாங்குகிறேன் என்று கேட்டார். கொஞ்சம் குறி பார்க்க, கொஞ்சம் வேட்டைக்கு என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

"வேட்டைக்குன்னா நான் தர மாட்டனுங்கண்ணா. அட்டையில சுடறதுக்குன்னா எத்தன நேரம் வேணும்னாலும் நின்னு எடுத்துக் காட்டறேன்."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் அவ்வளவு தூரம் வந்தாயிற்று. சரி, அட்டைக்குத்தான் என்றேன். அவர் மூன்று துப்பாக்கிகளை மேசையில் வைத்தார். சக்தி அதிகம் உள்ளதைத்தான் என் கை முதலில் எடுத்தது. அவரோ எடை குறைந்த ஒன்றைக் காட்டி, நிமிர்ந்து நின்று அரை மணி நேரம் தாங்க முடிகிறதா என்பதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார். எனக்கு அது விளையாட்டுச் சாமான் போலத் தெரிந்தது.

கூடத்தின் மூலையில் காற்று நிரப்பும் கம்ப்ரெஸர் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடினால் பக்கத்தில் நின்று பேசுவதுகூடக் கேட்காது. அதனால் அவர் முதலிலேயே சொல்லிவிட்டார்: தான் கையைத் தூக்கினால் யாரோ அட்டைப் பக்கம் போகிறார்கள் என்று பொருள்; துப்பாக்கியைத் தொடவே கூடாது. நான் தலையாட்டினேன்.

ஐந்து குண்டு சுட்டேன். அடுத்த குண்டை எடுப்பதற்காகத் துப்பாக்கியை மேசையில் வைத்தேன். குண்டைப் போட்டேன், தூக்கினேன், லென்ஸில் கண்ணை வைத்தேன். வட்டத்துக்குள் அட்டையின் கறுப்புப் புள்ளி அசையாமல் நின்றது. விரலை வைத்து அழுத்தினேன். அதே நொடியில் ஒரு கை வந்து குழலை அமுக்கியது. குண்டு மேசைக்கு முன்னால் கிடந்த மணல் மூட்டைக்குள் பாய்ந்தது.

கோபத்தோடு நிமிர்ந்தேன். வலது பக்கச் சுவரோரமாக, அட்டைக்கு இரண்டடி தள்ளி, என் மனைவி நின்றிருந்தாள். நான் எப்படிச் சுட்டிருக்கிறேன் என்று பார்க்கப் போனவள்.

நான் துப்பாக்கியைக் கீழே வைத்ததைப் பார்த்துத்தான் கடைக்காரப் பெண் கையைத் தூக்கியிருக்கிறார். பிறகுதான் மனைவியைப் போகச் சொல்லியிருக்கிறார். எனக்கு வலது பக்கம், ஒரு முழத் தூரத்தில்தான் அந்தக் கை இருந்திருக்கிறது. சத்தியமாக நான் பார்க்கவில்லை. என் மனைவி என்னைக் கடந்து போனதையும் பார்க்கவில்லை.

குழலை அமுக்கிய அவரே போய்க் கம்ப்ரெஸரை நிறுத்தினார். என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் நியாயம். திட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. என்னை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, நேரே பார்க்கச் சொன்னார். வலது பக்கம் போய் நின்று, ஒரு விரலை மெல்ல முன்னால் கொண்டு வந்தார்.

"எப்பத் தெரியுதுன்னு சொல்லுங்கண்ணா."

நான் காத்திருந்தேன். விரல் வரவே இல்லை. கடைசியில் அது கிட்டத்தட்ட மூக்குக்கு நேராகத் தெரிந்தது. இடது பக்கம் பரவாயில்லை. வலது பக்கம் மறுபடியும் செய்தார், மறுபடியும் அப்படியேதான்.

மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் இப்போது அழுதாள். துப்பாக்கிக்குப் பயந்துதான் அழுகிறாள் என்று நினைத்தேன்.

"ஏனுங்க, இந்தப் பக்கம் நின்னு டீ நீட்டுவேன். வாங்கவே மாட்டீங்க. கோயில்ல இந்தப் பக்கம் உக்காந்தா திரும்பியே பாக்க மாட்டீங்க. ஒரு வருசமா, என்னைப் புடிக்காமப் போச்சுன்னு நெனச்சுட்டு இருந்தனுங்க."

அந்த வருடம் நடந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. தொழிற்சாலையில் கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டு, கதவைத் திறந்து வைத்தவனைத் திட்டியது. வளைவில் பைக்கைச் சுவரில் உரசிவிட்டு ரோட்டைக் குறை சொன்னது. வேலையாட்கள் வணக்கம் சொல்லி, நான் கண்டுகொள்ளாமல் போய், எனக்குத் திமிர் வந்துவிட்டது என்று பெயர் வாங்கியது. எல்லாம் அந்த வலது பக்கம்தான்.

கடைக்காரப் பெண்ணின் அம்மாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். வலி இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை. கவனித்தபோது இரண்டு கண்ணிலும் ஒன்றும் மிச்சமில்லை. அதைச் சொல்லிவிட்டு அவரே ஒரு கண் மருத்துவருக்கு போன் செய்தார். கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு ஆட்டோவில் ஏறினார். வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை நரம்பு கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. வலது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. இடது கண்ணிலும் மூக்கை ஒட்டிய பக்கம் தொடங்கிவிட்டது; அதனால்தான் வலது பக்கம் இரண்டு கண்ணுக்குமே தெரியவில்லை. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். இன்னும் ஓரிரு வருடம் கவனிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டேன். அவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். அதை இங்கே எழுத மனம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது மனைவி ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுவிட்டு, என் இடது பக்கம் வந்து உட்கார்ந்தாள். கேத்தி ஊரைத் தாண்டியதும் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். பார்வை இல்லாததற்கு எதற்கு மன்னிப்பு என்றாள். அவள் ஏன் பேசாமல் இருக்கிறாள் என்று நான் ஒருநாள்கூடக் கேட்கவில்லையே, அதற்கு என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு மாதம் கழித்து, சொட்டு மருந்தில் அழுத்தம் கட்டுக்குள் வந்த பிறகு, மறுபடியும் அந்தக் கடைக்குப் போனோம். அந்தப் பெண் முன்பு காட்டிய எடை குறைந்த ரைஃபிளைத்தான் வாங்கினோம். அது என் மனைவியின் தோளுக்கு அளவெடுத்துச் செய்தது போல இருந்தது. அவள் மாதம் ஒருமுறை அதே கூடத்தில் சுடுகிறாள். நிதானமான கை, என்னைவிட நன்றாகவே சுடுகிறாள். துப்பாக்கிக்குக் காற்று நிரப்புவதும் அட்டை மாற்றுவதும் என் வேலை. காட்டுப் பக்கம் துப்பாக்கியோடு போவதை அடியோடு விட்டுவிட்டேன்.

நான் பார்க்காத பக்கத்தில் ஒருத்தி ஒரு வருடம் கையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள் என்பதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது; அதனால் இப்போதெல்லாம் ஒருவர் என்னை மதிக்காமல் போகிறார் என்று தோன்றினால், கோபம் வருவதற்கு முன்னால், அவர் என்னைப் பார்த்திருக்கவே மாட்டாரோ என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.