மூன்று கால் புல்லர்

கோபம் உள்ள இடத்தில் குணம் இருக்கும் என்று சொன்னவன் உச்சிப்புளி ராக்கப்பனிடம் ஒருநாளும் வண்டி விட்டிருக்கமாட்டான். குணம் இருக்கட்டும், முதலில் அந்த வாயைத் தாண்டி உள்ளே போகவேண்டுமே! ஐம்பத்தெட்டு வயது மெக்கானிக். நட்டில் தப்பான ஸ்பானரை வைத்தால் பெற்ற பிள்ளை என்றும் பார்க்கமாட்டார்.

அதில் ஒரு நியாயமும் உண்டு. மிளகாய் வியாபாரி தர்மராஜின் 1956 லேண்ட்மாஸ்டர் காருக்கு இன்றைய மில்லிமீட்டர் ஸ்பானர் சேராது. வைத்துத் திருகினால் நட்டின் முனைகள் மழுங்கி மொட்டையாகிவிடும். அதற்காகவே பழைய இரும்புக் கடைகளில் நாய் மாதிரி அலைந்து அங்குலக் கணக்கு ஸ்பானர்களாகச் சேர்த்தார். பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பைக் கழற்ற, ராமநாதபுரத்து லேத் பட்டறையில் அளவு சொல்லி ஒரு புல்லர் செய்து வாங்கினார். அதன் மூன்று கால்களும் ஹப்பைக் கவ்விக்கொள்ளும். நடுவிலுள்ள தடித்த திருகாணியை முறுக்க முறுக்க ஹப் வெளியே வரும். முப்பது வருஷமாக அந்தக் காரில் வேறு எவன் கையும் பட்டதில்லை.

இப்போது பின்பக்கம் ஆயில் கசிந்து பிரேக் பிடிக்கவில்லை. ஹப்பைக் கழற்றினால்தான் சரிசெய்ய முடியும். கார் தர்மராஜின் மிளகாய் குடோனில் முடங்கிவிட்டது. பழைய கார்களை வாங்கிச் சேர்க்கும் மதுரைக்காரர் ஒருவர் வேறு அதை விலைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"ராக்கப்பா, அது நிக்கிற எடத்துல நாப்பது மூடை அடுக்கலாம்ப்பா" என்றார் தர்மராஜ்.

சுருக்கென்று வந்துவிட்டது ராக்கப்பனுக்கு. "ஞாயித்துக்கிழமை ஒங்க வாசல்ல ஓட்டிக் காட்டுறேன். ஓடலைன்னா மதுரைக்காரன் கொண்டு போகட்டும்ணே!"

சனிக்கிழமை காலை பட்டறையைத் திறந்தால் புல்லரைக் காணோம்.

"மண்டபத்து சந்தியாகுட்ட நான்தான் குடுத்தேன்" என்றாள் மனைவி நாகலெட்சுமி. "இன்னிக்கு ராத்திரியோட மீன்பிடித் தடைக்காலம் முடியுதாம். எல்லாப் போட்டையும் தண்ணியில எறக்கிட்டாக, அவுக போட்டு மட்டும் கரையில நிக்கிது. புரொப்பல்லர் கழல மாட்டேங்குதாம். தொழிலுக்குப் போறவுக வந்து கேட்டா இல்லேன்னு சொல்ல முடியுமா?"

இந்தக் கரையில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. இரண்டு மாதம் அடுப்பு எப்படி எரிந்தது என்று எல்லோருக்கும் தெரியும். ராக்கப்பனுக்கும் தெரியும். தெரிந்ததனாலேயே இன்னும் எரிச்சல் வந்தது.

"ஊரார் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு தூக்கிக் குடுத்திட்டியா? நாளைக்கு அந்தக் காரை ஒங்கப்பனா வந்து தள்ளுவாரு?"

மண்டபம் போகும்வரை வண்டி ஓட்டிக்கொண்டே திட்டினார். கரையில் இறங்கியவுடன் திட்டு நின்றுபோனது. புல்லர் புரொப்பல்லரைக் கவ்வி நின்றது. ஸ்பானரில் ஆள் உயரக் குழாயைச் செருகி மூன்று பேர் தொங்கிக்கொண்டிருந்தார்கள். திருகாணி வளைந்திருந்தது.

"எறங்குங்கடா! இது என்ன ஊஞ்சலா?"

சந்தியாகு ஓடிவந்தார். "கோவப்படாதீக அண்ணே. விடியக்குள்ள எறங்கலைன்னா ஏழு வீட்டு ஆளுக கரையில நிக்கணும்."

அந்த அளவோடு நிறுத்தினால் வளைந்த திருகாணியை லேத்தில் கொடுத்து நிமிர்த்திவிடலாம். அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போகத்தான் ராக்கப்பன் கை நீட்டினார். ஆனால் அந்த ஏழு பேரும் வாய் திறக்காமல் நின்றார்கள். ஒருவனாவது எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். பாழாய்ப்போனவர்கள், பேசவே இல்லை.

"தள்ளி நில்லுங்கடா, முண்டங்களா!"

குழாயைப் பிடுங்கி எறிந்தார். கால்களைச் சரியாகப் பொருத்தி அளவாக முறுக்கினார். இரண்டு பேரை இரண்டு பக்கமும் நிறுத்தி, புரொப்பல்லரின் நடுக்கட்டையில் ஒரே நேரத்தில் சுத்தியலால் தட்டச் சொன்னார். மூன்றாவது தட்டில் புரொப்பல்லர் கழன்று வந்தது. நான்கு பேர் அதைத் தாங்கிப் பிடித்தார்கள். திருகாணி இரண்டாக முறிந்து மணலில் கிடந்தது.

"புதுசு செஞ்சு தாரேண்ணே" என்றார் சந்தியாகு, கையைப் பிடித்துக்கொண்டு.

"மொதல்ல கடலுக்குப் போய்த் தொலை!"

புதுத் திருகாணிக்கு லேத்தில் விசாரித்தார். செவ்வாய்க்கிழமைதான் ஆகும் என்றார்கள். நடந்ததைத் தர்மராஜிடம் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் பொறுங்கள் என்று கேட்டிருக்கலாம். முப்பது வருஷம் பேசிய வாய்க்கு அந்த ஒன்று மட்டும் வரவில்லை. போனை எடுத்து, "ஓடாதுண்ணே. லாரியை வரச் சொல்லுங்க!" என்று கத்திவிட்டு வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தது. ஏற்ற வந்தவர்கள் கயிற்றை, இழுத்தால் பிய்ந்துவிடும் பம்பரில் கட்டினார்கள். ராக்கப்பன் அவர்களை வாயில் வந்தபடி ஏசி, அடியில் படுத்துத் தானே அச்சில் கட்டிக்கொடுத்தார். சட்டையெல்லாம் மிளகாய்த்தூள். கண் எரிந்தது. லாரி ரோட்டில் ஏறித் திரும்பிய பிறகு தர்மராஜ் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்னப்பா நெனச்ச? ஞாயித்துக்கிழமைன்னு நானா சொன்னேன்? நீதான நாள் குறிச்ச. ரெண்டு நாள் கேட்டிருந்தா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

ராக்கப்பன் வீட்டுக்கு வந்தார். நாகலெட்சுமி பயந்துகொண்டே வாசலில் நின்றாள்.

"என்னாலதான கார் போயிருச்சு?"

"ஒன்னால இல்ல" என்றார். "நான்தான் போகச் சொன்னேன்."