பானையில் வைத்த கை

புது சப்வூஃபர் ஸ்பீக்கர் பெட்டியைச் சோபாமேல் தூக்கி வைத்துப் பாட்டைப் போட்டுவிட்டு, தரையில் தவழ்ந்துகொண்டிருந்தேன். எங்கே பேஸ் முழக்கம் சுத்தமாகக் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைக்கச் சொல்லியிருந்தார் கடைக்காரர். டிவிக்குப் பக்கத்து மூலையில் கச்சிதமாகக் கேட்டது. ஊன்றியிருந்த என் உள்ளங்கையில் தரை லேசாக அதிர்ந்தது.

சின்ன வயதில், இலஞ்சி வீட்டில் அப்பா ஒரு மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்திருந்தார். பாட்டுப் போட்டால் பானை முழங்கும். பிறவியிலேயே காது கேட்காத அக்கா, அதை இரண்டு கைகளாலும் அணைத்தபடி உட்கார்ந்திருப்பாள். அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே பானை இருக்கும்.

"இங்கன சத்தம் சரியா இல்லப்பா" என்பேன்.

"ஒனக்கு எங்கன வச்சாலும் கேக்கும்லே" என்பார்.

ஒரு சாரல் நாளில் அப்பா வயலுக்குப் போயிருந்தார். நான் பானையை அலமாரிமேல் ஏற்றிவிட்டேன். வீடு முழுக்கப் பாட்டுக் கேட்டது. அக்கா வந்து, பானை இருந்த வெறுந்தரையில் கைகளை வைத்தாள். தரை அதிராததால், நான் இன்னும் பாட்டுப் போடவில்லை என்று நினைத்து, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காத்திருந்தாள். நானும் சிரித்தேன். பாட்டை முழுதாகக் கேட்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

பெட்டியை இறக்கி, மூலைக்குக் கொண்டுபோகாமல் சோபாவை ஒட்டியே வைத்தேன்.

"அந்த மூலையிலதான நல்லா கேக்குன்னு சொன்னீங்க?" என்றாள் மனைவி.

"இங்கனயே இருக்கட்டும். ஞாயித்துக்கெழமை அக்கா வாரா."