தொண்டையை எரிக்காத மருந்து

மிர்னா ஆற்றுப் பள்ளத்தாக்கில் மருந்து என்றால் அது திராட்சைச் சாராயத்தில் ஊறியிருக்க வேண்டும்; விழுங்கியதும் தொண்டையை எரிக்க வேண்டும். இவ்விரு நிபந்தனைகளுக்கும் உட்பட்டே நெவியா பல ஆண்டுகளாக மூலிகை டிங்சர் செய்து விற்றுவந்தார். இத்தனை சொட்டு என்று சீசாவில் எழுதி ஒட்டுவார். வாங்கியவர்கள் அதைக் கோப்பையில் ஊற்றிக் குடித்து, வந்த விருந்தாளிக்கும் ஊற்றுவார்கள். நெவியாவின் கணவரோ எந்த நோயும் இல்லாமலேயே எல்லா நோய்க்கும் மருந்து உண்டார்.

நாய்கள் விஷயத்தில் மட்டும் நெவியா வேறொருவர். அவற்றுக்கான மருந்தில் சாராயம் ஒரு துளியும் சேர்க்கமாட்டார். இனிப்பான கிளிசரினில்தான் மூலிகை வேரை ஊறவைப்பார். எடை, வயது, சினையா, கல்லீரல் எப்படி, வேறு மாத்திரை உண்டா என்று விசாரிப்பார். கால்நடை மருத்துவர் ஒரிஜானா சரி என்று சொன்ன பிறகே சீசாவை எடுப்பார். மனிதர்களிடம் கேட்டால் அவமதிப்பாகக் கருதப்பட்டிருக்கும் கேள்விகள் அவை.

அந்த இலையுதிர் காலத்தில், காளான் தோண்டிப் பிழைக்கும் லிவியோவின் நாய் பீபா காட்டுக்குள் வர மறுத்தது. வேட்டைக்காரர்களின் துப்பாக்கிச் சத்தம் கேட்டாலே வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டது. வெள்ளை ட்ரஃபிள் காளான் மண்ணுக்குள் விளைந்து கிடக்கும் பருவம் அது. மோப்பம் பிடிக்க பீபா இல்லையென்றால் லிவியோ வெறும் மண்வெட்டிதான். ஒரிஜானா பீபாவைப் பார்த்துச் சம்மதம் சொன்னதும், லிவியோ நெவியாவிடம் வந்தார். நாயின் எடையைக் கேட்டபோது அவருக்குச் சற்று மனம் சுணங்கியது.

"எனக்கு மருந்து தரும்போது எடை கேட்டதே இல்லையேக்கா."

"உன்கிட்ட கேட்டு என்ன ஆகப்போகுது? நாயாவது சொன்ன பேச்சு கேக்கும்."

சில சொட்டுகளில் தொடங்கவும், வாந்தியோ சோர்வோ கண்டால் உடனே நிறுத்தவும் சொல்லி நெவியா சீசாவைக் கொடுத்தார். வீட்டுக்குப் போன லிவியோ அதை நக்கிப் பார்த்தார். இனித்தது, எரியவில்லை. நெவியா சாராயத்தில் சிக்கனம் பிடித்துவிட்டார் என்று முடிவுகட்டினார். தூக்கமின்மைக்காக நெவியா அவருக்குக் கொடுத்திருந்த டிங்சர் அலமாரியில் இருந்தது. அதிலும் அதே வேர்தான்; எரிச்சலும் உண்டு. அதை இறைச்சிச் சாற்றில் கலந்து பீபாவுக்கு வைத்தார்.

சிறிது நேரத்தில் பீபாவால் நிற்க முடியவில்லை. வாந்தி எடுத்தது, உடல் சில்லிட்டது. ஒரிஜானாவின் மருத்துவமனையில் லிவியோ சொன்னதெல்லாம் நெவியாவின் மருந்து என்பது மட்டுமே. ஒரிஜானாவுக்கு அது நம்பும்படியாக இல்லை, நெவியாவை வரவழைத்தார். நெவியா வந்ததும் நாயின் வாயருகே குனிந்து முகர்ந்தார்.

"என்ன குடுத்தே?"

"நீங்க குடுத்ததத்தான்."

"எந்த சீசா?"

லிவியோ சுவரைப் பார்த்தார்.

"நாய் கைய விட்டுப் போகுது, லிவியோ. உன் மானத்த அப்புறம் காப்பாத்திக்கலாம்."

"தூக்கத்துக்கு எனக்குக் குடுத்தீங்களே, அது."

"எவ்வளவு?" என்றார் ஒரிஜானா.

"அதுக்கு ரெண்டு கரண்டி." சற்று நிறுத்தினார். "துணைக்கு எனக்கு ஒரு கிளாஸ்."

மருத்துவர் சிரிக்கவில்லை. என்ன செய்வதென்று இப்போது தெரிந்துவிட்டது. சர்க்கரை கலந்த திரவத்தை ரத்தநாளத்தில் ஏற்றி, பீபாவைக் கம்பளியில் சுற்றிச் சூடேற்றினார். மாலையில் அது தலை தூக்கி, லிவியோவின் கையைத் தேடியது. அவர் வாசலுக்குப் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார்.

நடந்ததை அவர் மதுக்கடையில் மறைக்கவில்லை. நெவியாவின் டிங்சர் ஒரு நாயையே சாய்த்துவிட்டது என்றார். கேட்டவர்கள் அதை எச்சரிக்கையாக அல்ல, நற்சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அந்த வாரம் நெவியாவிடம் தூக்க மருந்து ஒரு சீசாகூட மிஞ்சவில்லை. நாய் மருந்தைக் கேட்டு யாரும் வரவில்லை.

பீபா தேறியபின், ஒரிஜானாவின் கண்டிப்பால் லிவியோ இனிப்பு மருந்தையே கொடுத்தார். சொட்டுகளை எண்ணி, உணவில் கலந்து. பருவம் முடிவதற்குள் பீபா மீண்டும் காட்டுக்குள் நுழைந்தது. தொலைவில் வெடி கேட்டபோது காதை மட்டும் அசைத்துவிட்டு, ஓக் மரத்தடியைத் தோண்டிக்கொண்டிருந்தது. கைமுஷ்டி அளவு காளான் கிடைத்தது.

அந்த இனிப்பு மருந்து வேலை செய்ததா என்று மதுக்கடையில் ஒருவர் கேட்டார்.

"மருந்தா?" என்றார் லிவியோ. "அந்தத் தித்திப்புத் தண்ணி என்னத்தப் பண்ணும்? பீபா பொறவியிலயே தைரியசாலி."

மறுநாள் காலை, தீர்ந்துபோன நாய் மருந்துச் சீசாவோடு வந்து அவர் நெவியாவின் பின்வாசல் கதவைத் தட்டினார்.