எதிரொலியைத் துரத்தி எழுபது வளைவு

எங்கள் தொழிலில் வாடிக்கையாளர் போன் போட்டு, "ஒண்ணுமே கேக்கலீங்க" என்று சொன்னால், அது புகாரா பாராட்டா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். கம்ப்யூட்டர் வழியாக இரண்டு பேர் பேசும்போது குறுக்கே வரும் எதிரொலியையும் இரைச்சலையும் எடுத்துவிடுவதுதான் என் வேலை. போனில் உங்கள் குரலே உங்களுக்குத் திரும்பி வந்து, சொல்ல வந்ததை மறந்து முழித்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்மாள்தான், மேலே படியுங்கள்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் கோயம்புத்தூரில் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கொல்லிமலைச் செம்மேட்டில் ஒரு அறக்கட்டளை அறை எடுத்து, உள்ளே கம்ப்யூட்டரும் தகரக் கூரைமேல் சாட்டிலைட் டிஷ்ஷும் வைத்திருந்தது. மலைக்காரர்கள் அங்கே வந்து உட்கார்ந்தால் கீழே நாமக்கல்லில் இருக்கும் டாக்டரோடு பேசலாம். பேசுவதற்கான சாப்ட்வேர் எங்களுடையது. "ஒரு வாரம் போய்ச் சரி பண்ணிட்டு வந்துரு" என்று அனுப்பினார்கள். நான் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்காராதவள். அந்த ஒரு வாரம் ஏழு மாதம் நீண்டது.

டாக்டருக்கும் அதே வலி

முதல் நாள் முதல் நோயாளி, மிளகுத் தோட்டம் வைத்திருந்த ஒரு பெரியவர். அறையைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பழனியம்மாள் அவரை மைக் முன்னால் உட்கார வைத்தார். "முட்டி வலி தாங்க முடியலீங்க" என்றார் பெரியவர். ஒரு வினாடி கழித்து ஸ்பீக்கரிலிருந்து, "முட்டி வலி தாங்க முடியலீங்க" என்று வந்தது. பெரியவர் திகைத்துப்போய், "நடக்கவே முடியலீங்க" என்றார். ஸ்பீக்கரும் அதையே சொன்னது.

செம்மேட்டில் கேட்கிற எதிரொலி செம்மேட்டில் பிறப்பதில்லை. பெரியவரின் குரல் நாமக்கல்லில் டாக்டரின் ஸ்பீக்கரில் வெளியே வந்து, பக்கத்திலிருக்கும் டாக்டரின் மைக்கில் புகுந்து, மறுபடி மலையேறி வருகிறது. ஆக, கோளாறு கீழே இருந்தது. நான் மேலே இருந்தேன். அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று நான் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "எனக்கு நாளைக்குப் பாத்துக்கலாமுங்க. பாவம், மொதல்ல அந்த டாக்டரு முட்டிய யாராச்சும் பாருங்க."

பஸ்ஸைத் தவறவிட்ட நாள்

நாமக்கல்லில் டாக்டரின் அறைக்குப் போனேன். சாப்ட்வேரை மூடித் திறந்து, இரண்டு எண்களை மாற்றி, மேலே பழனியம்மாளைப் பேசிப் பார்க்கச் சொன்னேன். எதிரொலி இல்லை என்றார். மலையேறினேன். செம்மேட்டில் இறங்குவதற்குள் பழனியம்மாள் போன் செய்தார்: எதிரொலி வந்துவிட்டதாம். மறுநாள் மலையடிவாரத்துக் காரவள்ளிக்கு இறங்கி, அங்கிருந்து நாமக்கல். மறுபடி சரி. மறுபடி மலை. மறுபடி போன். பத்து நாளில் நான்கு முறை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் எந்தெந்த வளைவில் டிரைவர் ஹாரன் அடிப்பார் என்பது எனக்கு மனப்பாடம். வயிற்றுக்கும் மனப்பாடம்.

ஐந்தாம் முறை, திரும்பும் பஸ் என் கண் முன்னால் போய்விட்டது. வேறு வழியில்லாமல் டாக்டரின் அறையிலேயே நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தைந்தாவது நிமிடம், எதிரொலி மெதுவாகத் தலைகாட்டுகிறது என்றார் மேலிருந்து பழனியம்மாள்! டாக்டரின் மேஜையில் மைக் தனியாக வாங்கியது, ஸ்பீக்கர் தனியாக வாங்கியது. இரண்டும் தத்தம் உள்ளே இருக்கும் கடிகாரத்தின்படி ஓடின. ஒன்று மயிரிழை வேகம். ஸ்பீக்கரில் போனது எதுவோ அதை மைக்கில் வருவதிலிருந்து கழிப்பதுதான் எங்கள் கணக்கு. நேரம் ஆக ஆக இரண்டும் விலகி, கழிப்பது தப்பான இடத்தில் விழுந்தது. நான் ஒவ்வொரு முறையும் மூடித் திறந்து, ஐந்து நிமிடம் சோதித்து, பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறேன். டாக்டர் எல்லாம் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா, நாங்க நோயாளிய அரை மணி நேரம் வெளியில உக்கார வெக்கிறோம்னு எல்லாரும் திட்டறாங்களே, அதுலயும் ஒரு பிரயோசனம் இருக்கு பாத்தியா?"

யார் பேசுவது

டாக்டர் பேசும்போது செம்மேட்டு மைக்கைத் தணிக்கும்படி ஒரு ஏற்பாடு செய்தேன். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பேசினால் எதிரொலிக் கணக்கு குழம்பிப்போகும், அதற்காகத்தான். மரவள்ளிக்காடு வைத்திருந்த ஒருவர் தன் மனைவிக்கு வயிற்று வலி என்று அழைத்து வந்தார். டாக்டர் கேட்ட கேள்விக்கெல்லாம், கேள்வி முடிவதற்கு முன்பே அவரே பதில் சொன்னார். ஒன்றுகூடக் கீழே போய்ச் சேரவில்லை. டாக்டர் கேட்டு முடித்து அமைதியாகும்போது மனைவி நிதானமாகச் சொன்னது மட்டும் போய்ச் சேர்ந்தது. இது சாப்ட்வேரின் குறை, அவசியம் சரி செய்கிறேன் என்று நான் மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஏனுங்க அம்மிணி, நல்லா வேல செய்யறத எதுக்குங்க சரி பண்றீங்க?"

மழையை எடுத்தது

மழைக்காலம் வந்தது. தகரக் கூரையில் மழை விழுந்தால் அறைக்குள் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. டாக்டர் பாதி நாள், "நாளைக்கு வரச் சொல்லுங்க" என்று வைத்துவிடுவார். மலையின் கடைக்கோடி ஊர்களிலிருந்து இரண்டு மணி நேரம் நடந்து வந்தவர்களிடம் அதைச் சொல்ல வேண்டியது பழனியம்மாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆபீஸில் என்னோடு வேலை பார்த்த முரளியும் நானும் போனிலேயே சண்டை போட்டுக்கொண்டு ஆறு வாரம் எழுதினோம். ஏறி இறங்குவது பேச்சு. ஒரே சீராக வந்துகொண்டிருப்பது இரைச்சல். சீராக வருவதைக் கண்டுபிடித்துக் கழித்துவிடு. இதுதான் சூத்திரம்.

நல்ல மழையில் சோதித்தோம். டாக்டர் பக்கம் சுத்தமான குரல் மட்டும் போனது. நான் அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தேன், குதிப்பதுதான் பாக்கி. ஒழுகுகிற இடத்தில் கம்ப்யூட்டருக்குமேல் குடையை விரித்துப் பிடித்தபடி பழனியம்மாள் சொன்னார்: "மழ உட்ருச்சாங்கறாரு கண்ணு டாக்டரு. நான் ஆமான்னு சொல்லட்டுமா, இல்லீன்னு சொல்லட்டுமா?"

கேட்காத இழுப்பு

அடுத்த வாரமே அது நடந்தது. காலை பத்து மணி, நல்ல தூறல். அந்தக் கடைக்கோடி ஊர்களில் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்தாள். குழந்தை அழவில்லை, வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது. மைக்கைக் குழந்தையின் வாயருகே பிடிக்கச் சொன்னார் டாக்டர். பழனியம்மாள் பிடித்தார்.

"மூச்சு சுத்தமாத்தானே இருக்கு? சளிதான். மருந்து எழுதறேன்" என்றார் டாக்டர்.

"இல்லீங்க சார். உய்ய்னு இழுக்குதுங்க. எனக்கு நல்லாக் கேக்குது."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையேம்மா."

"இழுக்குதுங்க சார்" என்றார் பழனியம்மாள் மறுபடியும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை, அன்றைக்கு உயர்ந்தது. பின்னால் நின்றிருந்த எனக்கும் அந்த இழுப்பு கேட்டது. மெல்லிசாக, ஒரே சுருதியில், சீராக. சீராக வருவதைக் கழித்துவிடு என்று எழுதியவள் நான். பழனியம்மாளைத் தள்ளிக்கொண்டு கீபோர்டுக்குப் போய் இரைச்சல் கழிப்பதை நிறுத்தினேன். அவசரத்தில் இரண்டு முறை தப்பான எழுத்தை அடித்தேன். தூறல், கூரைச் சத்தம், வெளியே ஓடிய ஜெனரேட்டரின் உறுமல் எல்லாம் ஒன்றாகக் கீழே போயின. நடுவில் அந்த இழுப்பும் போனது. வழக்கமான ஒரு வினாடி. அப்புறம் இன்னும் இரண்டு வினாடி. "உடனே கீழ கொண்டாங்க. இப்பவே. உதடு நீலமா இருக்கா பாருங்க" என்றார் டாக்டர்.

அறக்கட்டளையின் ஜீப்பில் தாயும் குழந்தையும் பழனியம்மாளும் இறங்கினார்கள். நான் வாசலுக்கும் போனுக்குமாக நடந்தேன். வந்திருந்த மற்ற நோயாளிகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியம் போன் வந்தது: ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள், நிமோனியா, அரை நாள் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது, இப்போது பரவாயில்லை. நான் அழுதேன். மறுநாள் பழனியம்மாள் மலையேறி வந்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவர் பையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பினார். கோபமாக இல்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "எது வேணும், எது வேண்டாம்னு எழுதறப்ப, கண்ணு, எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல?"

பட்டன்

கேட்டேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு நான்கு நாள் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டேன்; நான் அத்தனை நேரம் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இருமல் வேண்டும், இழுப்பு வேண்டும், முனகல் வேண்டும், பெரியவர்கள் மெதுவாகச் சொல்லும் கடைசி வார்த்தை வேண்டும். முடிவில் திரையின் நடுவே சிவப்பாக ஒரு பட்டன் வைத்தோம்: "அப்படியே அனுப்பு". அதை அழுத்தினால் எங்கள் வடிகட்டல் எதுவும் வேலை செய்யாது. முரளிக்கு மனசே ஆறவில்லை. ஆறு வாரம் ராப்பகலாக எழுதியதை ஒரு பட்டனில் அணைப்பதா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தத் தாய் குழந்தையைக் காட்ட வந்தாள். குழந்தையின் கன்னத்தில் சதை வைத்திருந்தது. பழனியம்மாள் பட்டனை அழுத்தி மைக்கை நீட்டினார். மைக்கைப் பார்த்ததும் குழந்தை வீறிட்டதே ஒரு வீறிடல்! ஸ்பீக்கரில் டாக்டர், "போதும், போதும்மா!" என்று அலறினார். தாய் மட்டும் மைக்கை விலக்கவில்லை. குனிந்து, டாக்டருக்கு நேராகப் பேசுவதுபோல் கேட்டாள். "இப்பக் கேக்குதுங்களா சாரு?"

ஏழு மாதத்தில் நான் எழுதிய பல ஆயிரம் வரிகளில் இன்றுவரை யாரும் குறை சொல்லாதது, மற்ற வரிகளையெல்லாம் நிறுத்துவதற்காக எழுதிய அந்த நான்கு வரிகள் மட்டும்தான்.