ஊரறியச் சொல்வது

புரொமல்கேட் என்ற ஆங்கில வினைச்சொல்லை நான் திருப்பதிக் கல்லூரியில் கற்கவில்லை. விடுமுறைக்கு வந்திருந்தபோது நைனாவுக்குப் பேப்பர் படித்துக் காட்டியதில் கற்றேன். ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரித்த நேரம். அக்காவைக் கட்டிக்கொடுத்த திருத்தணி மெட்ராசுக்குப் போகிறது, அதே தாலுக்காவில் இருந்த எங்கள் ஊர் ஆந்திராவிலேயே தங்கிப் புத்தூரோடு சேர்கிறது என்று போட்டிருந்தது. மகள் ஒரு ராஜ்யம், தான் ஒரு ராஜ்யமா என்று நைனாவுக்கு மனசு ஆறவில்லை.

அந்தச் சொல்லுக்கு அகராதியைப் புரட்டி, "சட்டத்த ஊரறியச் சொல்லி அமலுக்குக் கொண்டாறது நைனா" என்றேன். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஊரறியவா? நம்மூர்ல இன்னும் தண்டோரா போடலியேம்மா. என் காதுல உழாத வரிக்கும் நான் திருத்தணி தாலுக்காதான்."

எனக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. வெள்ளிக்கிழமை தண்டோரா என்று தெரிந்ததும், அன்று விடியற்காலையிலேயே அம்மாவையும் என்னையும் கிளப்பி, பஸ் மாறி மாறிக் காணிப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய்விட்டார். தப்பித்து ஓட அவருக்கு வேறு கோயிலே கிடைக்கவில்லை! திருட்டு வழக்கானாலும் பங்காளிச் சண்டையானாலும் எங்கள் பக்கத்தில் குளத்தில் முழுகவைத்துச் சத்தியம் வாங்குவது அந்தப் பிள்ளையார் முன்னால்தான். அங்கே பொய் சொல்ல யாருக்கும் துணிச்சல் வராது.

அர்ச்சனைத் தட்டை வாங்கிய குருக்கள் தெலுங்கில் ஊரைக் கேட்டார். நைனா சொன்னார்.

"மீ ஊரு அட்டு போயிந்தா, இக்கடே உந்தா?"

அந்தப் பக்கம் போய்விட்டதா, இங்கேயே இருக்கிறதா என்று அவர் பேச்சுக்குத்தான் கேட்டார். நைனா பிள்ளையாரையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் வரிசை நெருக்கியது.

"இக்கடே உந்தி சாமி" என்றார், வரிசை முழுக்கக் கேட்கும்படி. பிறகு தமிழில், "பொண்ணுதான் அந்தாண்ட பூட்டா" என்றார். அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஊருக்குத் திரும்பினால், தப்பட்டை அடிப்பவருக்குக் காய்ச்சல், தண்டோரா நாளைக்குத்தான் என்றார்கள். நைனா எங்கேயும் கிளம்பவில்லை. மறுநாள் சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று கடைசிவரை கேட்டார்.

உள்ளே வந்து என்னிடம் சொன்னார்: "இத நேத்தே நான் சொல்லிட்டேன்மா."