மூன்றரை இஞ்ச் கிணறு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்கு ஆபீஸ் கூட்டத்தில் அந்தக் கோபத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கடலில் பக்கத்துப் பக்கத்தில் தோண்டிய இரண்டு எண்ணெய்க் கிணறுகள். எண்ணெய் மேலே ஏறிவர உள்ளே இறக்கும் குழாய்க்கு அளவு சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நாலரை இஞ்ச் என்று முடித்துவிட்டார் மேலதிகாரி. “மூணரை போதும் சார். நாலரை போட்டா கிணறு சீக்கிரம் நின்னுடும்” என்றேன்.

“அப்படியா? ஒண்ணுல உங்க மூணரையைப் போடுங்க, இன்னொண்ணுல நாலரை. உங்களது சரியா வரலைன்னா நீங்கதான் பதில் சொல்லணும்” என்றார். இறக்கிய குழாயை மாற்ற, கிணறு தோண்டும் ரிக் மேடையைத் திரும்பவும் கடலுக்குக் கொண்டுவர வேண்டும்; செலவு கோடிக்கணக்கில். நான் முதன்முதலாக அளவு சொன்ன கிணறே அதுதான். வேலை போய்விடுமோ என்று உண்மையாகவே பயந்தேன்.

பழவேற்காடு போய், அங்கிருந்து எங்கள் குப்பத்துக்கு வந்து வீட்டில் சொன்னேன். அம்மா நண்டு கழுவிக்கொண்டிருந்தாள். நைனா வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்.

“பெருசா போட்டா நெறைய வரும். இது இன்னா புத்தி, சின்னதா போடுறது?” என்றார் நைனா.

“மொகத்துவாரத்தப் பாரு நைனா. அகலமா வெட்டினா தண்ணி மெதுவா போவுது, மணல் தூந்துடுது. ஒடுக்கமா வெட்டினா வேகமா போவுது, மணலையும் இழுத்துகினு போயிடுது.”

“ஒடுக்கமா இருந்தா படகு எப்டி போவும்?”

“அவ கெணத்துல இன்னா படகா போவப் போவுது? கம்முனு கெட” என்றாள் அம்மா.

நைனா கேட்டதிலும் தப்பில்லை. புதுக் கிணற்றில் அடியிலிருந்து தள்ளும் பலம் அதிகம்; பெரிய குழாயில் நிறையவே வரும். ஒரேயடியாகச் சிறிய குழாய் போட்டால் உரசலிலேயே அந்தப் பலம் வீணாகும். ஆனால் பலம் குறையக் குறைய, பெரிய குழாயில் எண்ணெயோடு சேர்ந்து வரும் வாயு மட்டும் மேலே போய்விடும். எண்ணெயும் தண்ணீரும் தூக்க ஆளில்லாமல் கீழேயே விழுந்து கிணற்றை மூழ்கடிக்கும். அளவான குழாயில் வாயு வேகமாக ஓடி எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்களே, அதுதான். கிணற்றின் முதுமையையும் நினைத்துத்தான் மூன்றரை சொன்னேன்.

கிணறுகளைத் திறந்தார்கள். நாலரை இஞ்ச் கொட்டோ கொட்டென்று கொட்டியது. என்னுடையது அதற்குப் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆபீசில் எனக்குச் ‘சின்னக்குழாய் மேடம்’ என்று பெயர் வந்தது. ஊரில் நைனா மீன் ஏலத்துக்குப் போன இடத்திலெல்லாம் என் கதையைச் சொல்லிச் சிரித்திருக்கிறார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தினமும் போனில் கேட்பாள்: “சாப்ட்டியா? கெணறு ஓடுதா?”

“ஓடுதும்மா” என்பேன். மழையிலும் கேட்டாள், புயல் எச்சரிக்கை வந்தபோதும் கேட்டாள். எண்ணெய்க் கிணற்றை யாராவது இப்படி நலம் விசாரிப்பார்களா என்று முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு அவள் கேட்பாளே என்று காலையில் நானே முதலில் அந்தக் கிணற்றின் கணக்கைத்தான் பார்ப்பேன்.

அப்படிப் பார்த்த ஒரு காலையில் பக்கத்துக் கிணறு நின்றுபோயிருந்தது. குழாய் முழுக்கத் தண்ணீர். என்னுடையது அலட்டிக்கொள்ளாமல் ஓடிக்கொண்டிருந்தது. படிக்கட்டுக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

“நைனாகிட்ட சொல்லும்மா, பெரிய குழாய்க் கெணறு நின்னுபோச்சு!”

நான் சிரித்த சிரிப்புக்கு அவளும் சிரிப்பாள் என்று நினைத்தேன். “ஐயோ பாவம்” என்றாள். “உன்னுதை நான் தெனம் கேட்டுகினு கெடந்தேன். அத யாரு கேட்டா?”

குழாய்க் கணக்கையெல்லாம் அவளிடம் விளக்க அன்றைக்கு எனக்கு மனசு வரவில்லை.

சாயங்காலம் மேலதிகாரி கூப்பிட்டார். நின்றுபோன கிணற்றுக்குக் குழாய் மாற்றப் போகிறார்களாம். அளவை நான்தான் சொல்ல வேண்டுமாம். அவருடைய வாடிய முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. “மூணரை சார்” என்றேன்.

அம்மாவிடம் சொன்னேன். மறுநாளிலிருந்து அவள் கேள்வி மாறிவிட்டது.

“சாப்ட்டியா? ரெண்டும் ஓடுதா?”